வீடியோ பார்த்தேன்

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய சண்டைப் பயிற்சி வீடியோவைப் பார்த்தேன். போன் சூடாகும்வரை திரும்பத் திரும்பப் பார்த்தேன். காலடி எவ்வளவு நன்றாக வருகிறது! முன்காலை வைத்ததும் பின்கால் தானாகத் தொடர்கிறது. இதைச் சொல்லித்தர நான் பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும்.

ஆனால் உதைக்கப் போகும்போது வலது கை கன்னத்தை விட்டு இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும் இறங்குகிறது. உன்னோடு ஆடிய அந்த உயரமான பையன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். அவனுடைய இரண்டாவது குத்து காதுக்கு மேலே விழுந்ததும் உன் தலை ஒரு பக்கம் திரும்புகிறது, கால் ஒரு நொடி தடுமாறுகிறது, அப்புறம் நீ சிரித்துக்கொண்டே "வா, வா" என்று கையை ஆட்டுகிறாய். மாஸ்டரும் நிறுத்தவில்லை, நீயும் நிறுத்தவில்லை.

சரி, அதை விடு. நிஜத்தில் உதவுகிற மாதிரி எப்படிப் பயிற்சி செய்வது என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன்.

எதிர்க்காத ஆள்மேல் மட்டும் பழகுவது, கரையில் நின்று கையை வீசி நீச்சல் கற்பது மாதிரி. முன்பே வகுத்த அசைவுகளை அப்படியே செய்து பழகும் கட்டா வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன், உடம்புக்கு ஒழுங்கு அதில்தான் வருகிறது. அதோடு நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான். ஜிகோரோ கானோ 1882-ல் ஜூடோவைத் தொடங்கியபோது செய்த பெரிய காரியம் என்று நான் நினைப்பது, அவர் எதை விலக்கினார் என்பதைத்தான். பழைய ஜப்பானியச் சண்டைக் கலையான ஜுஜுத்ஸுவில் இருந்த ஆபத்தான அடிகளை ராண்டோரியில், அதாவது எதிர்க்கிற ஆளோடு தடையில்லாமல் ஆடும் பயிற்சியில், சேர்க்காமல் கட்டாவோடு நிறுத்தினார். அதனால்தான் மிச்சமிருந்த வீச்சுகளையும் பிடிகளையும் மாணவர்கள் விட்டுக்கொடுக்காத ஆள்மேல் முழு மூச்சாகப் போட்டுப் பழக முடிந்தது. கண்ணைக் குத்தும் வித்தையை வாயால் மட்டும் தெரிந்தவனைவிட, ஒரே ஒரு வீச்சை எதிர்க்கிற ஆள்மேல் போட்டுப் போட்டுப் பழகியவன்தான் நிஜத்தில் நிற்பான். கூட்டாளி மறுநாளும் எழுந்து வந்தால்தானே பயிற்சி? அவனை நீ உடைத்துவிட்டால் யாரோடு பழகுவாய்? அவன் உன்னை உடைத்துவிட்டால்?

அதனால் பலத்தைப் படிப்படியாக ஏற்று. முதலில் கூட்டாளி நின்று கொடுக்கட்டும், அப்புறம் நகரட்டும், அப்புறம் தடுக்கட்டும், கடைசியில் திருப்பி அடிக்கட்டும். ஸ்பாரிங், அதாவது கூட்டாளியோடு போடும் பயிற்சிச் சண்டை, பெரும்பாலான நாள் மெதுவாகவே இருக்கட்டும். மெதுவாக ஆடும்போதுதான் புதிதாக ஒன்றை முயன்று பார்க்கத் தைரியம் வரும். முழு வேகத்தில் எல்லோரும் தெரிந்ததையேதான் செய்வார்கள். பலமாக ஆடுவது எப்போதாவது போதும், அதுவும் உடம்பில். தலையில் வேண்டாம்.

வித்தை கொஞ்சம் போதும். பயத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது விரல் நடுங்கும், பார்வை குறுகும், விரல் நுனியால் செய்கிற நுணுக்கம் கைக்கு வராது. கத்தியைக் கண்டால் ஓடு. கத்தியைப் பிடுங்கக் கற்றுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், கூட்டாளி கையில் மார்க்கர் பேனாவைக் கொடுத்து நிஜமாகவே குத்த வரச் சொல். பிறகு சட்டையில் விழுந்த கோடுகளைப் பார். கழுத்துப் பிடியில் மாட்டினால், விடச் சொல்லிச் சீக்கிரம் கையால் தட்டிக் காட்டிவிடு. இரண்டு பக்க ரத்தக்குழாயும் அழுந்தினால் பத்து நொடிக்குள்ளேயே நினைவு போய்விடலாம். விழப் பழகுவதையும் விடாதே. சின்ன வயதில் நீ உருண்டு விழுந்து எழுவதைப் பார்க்க மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் பேச்சை நிறுத்துவார்கள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும் தெரியுமா?

அப்புறம் தலை. ஹெட்கார்டு போட்டிருந்தேன் என்பாய். அது தோல் கிழியாமல் காக்கும், மண்டைக்குள் மூளை குலுங்குவதை நிறுத்தாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் குத்துச்சண்டைக்கு ஹெட்கார்டே இல்லை என்பது உனக்கும் தெரியும். மவுத் கார்டு பல்லுக்குத்தான். மயங்கி விழுந்தால்தான் மூளையில் அடி என்று நினைத்துவிடாதே, நினைவு தப்பாமலும் படும். தலைவலி, குமட்டல், வெளிச்சத்தில் கண் கூசுவது, பேச வந்தது மறந்துபோவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது. அடி பட்ட பிறகு இதில் ஒன்று இருந்தாலும் அப்போதே நிறுத்திவிட வேண்டும். முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, மெதுவாக நடை, அது ஒத்துக்கொண்டால் தனியாகப் பயிற்சி. டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் ஆளோடு ஆட்டம். முதல் அடி ஆறும் முன்னே இரண்டாவது விழுந்தால் மூளை வீங்கலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. உன் வயதுப் பிள்ளைகளுக்கு வருகிறது. மாமா விஷயம் உனக்குத் தெரியும். அதை நான் எழுதப் போவதில்லை.

போன வாரம் வீடியோ காலில் லைட்டை அணைத்துவிட்டுப் பேசினாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் "நான் என்ன சின்னப் பிள்ளையா" என்பாய். பாட்டி எப்படி இருக்கிறாள் என்று இரண்டு தடவை கேட்டாய். அப்பாவிடம் குரல் உயர்த்தியே பேசாத நீ அன்றைக்குக் கத்தினாய். அவர் வேலை அலுப்பு என்று நினைத்துக்கொண்டார். உன்மேல் எனக்குக் கோபமில்லை. இல்லை, கோபம்தான். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து "தாடையை நெஞ்சோடு ஒட்டு, தலை தரையைத் தொடக் கூடாது" என்று சொல்லி வளர்த்த பிள்ளை, காதுக்கு மேலே வாங்கிக்கொண்டு "வா, வா" என்கிறான்.

இந்தச் சனிக்கிழமை ஸ்பாரிங்குக்குப் போகாதே. டாக்டரைப் போய்ப் பார். அந்தக் குத்து என்றைக்கு விழுந்தது, அதற்கு முன்னும் பின்னும் எத்தனை விழுந்தன என்று மறைக்காமல் சொல். மாஸ்டரிடமும் நீயே பேசு. தலையில் பட்டது என்று சொல்கிற பிள்ளையைக் கோழை என்று நினைக்கிறவர் என்றால் அவர் உனக்கு வேண்டாம், வேறு இடம் பார். போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தால் எடுத்துவிடு. அடுத்த வருடமும் போட்டி நடக்கும்.

இந்தக் கடிதத்தை அப்பாவிடம் காட்டவில்லை. நீ போன் செய்யும்போது அவர் பக்கத்தில் இருந்தால், "போய்ட்டு வந்தேன் அம்மா" என்று மட்டும் சொல். மிச்சத்தை அவர் தூங்கின பிறகு பேசிக்கொள்ளலாம்.

அம்மா