கிழங்குக்கு இங்கே வரிசையில் நிற்கிறார்கள்

டொராண்டோ,
ஜனவரி

அன்புள்ள மாமாவுக்கு,

நான் இங்கே நல்ல சுகம். அத்தை, பாட்டி, தம்பி எல்லோரும் சுகம்தானே?

போனில் கேட்டீர்கள். “தம்பி கடைய மாத்தணும்னு ஒத்தக்கால்ல நிக்கான். கிழங்கு, பழம்பொரி எல்லாம் நிறுத்திட்டு பபிள் டீயும் ஃப்ரைட் ரைஸும் போடணுமாம். நீ அங்க எல்லாம் தின்னு பாத்திருப்பியே மக்களே, என்னன்னு சொல்லு” என்றீர்கள். அன்றைக்கு டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், நின்று பேச முடியவில்லை. கடை நடத்துகிறவருக்குச் சொல்ல வேண்டியதை வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்னால் சரிவராது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பபிள் டீ விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்பதைனா என்று ஒரு அகலமான ரோடு. நடுவில் டிராம் ஓடும், இரண்டு பக்கமும் சீனாக்காரர் கடைகள். முன்பு சைனாடவுன் வேறு இடத்தில் இருந்ததாம். அங்கே புது நகர மண்டபம் கட்டுவதற்காக இடித்துத் தள்ளியதும் மெல்ல மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்து வந்துவிட்டார்கள். மண்டபம் 1965-ல் திறந்தது. இப்போது அந்த ரோட்டில் பத்தடிக்கு ஒரு பபிள் டீ கடை. வெளியே மைனஸ் பத்து டிகிரி, மூக்கு நுனி மரத்துப் போகிறது. அந்தக் குளிரில் பிள்ளைகள் ஐஸ் போட்ட சாயாவுக்கு வரிசையில் நிற்கிறார்கள். பெரிய பிளாஸ்டிக் கப், பெருவிரல் தடிமனில் ஒரு உறிஞ்சுகுழல், அடியில் தவளை முட்டை மாதிரி கறுப்பு உருண்டைகள். ஏழு டாலர், வரி தனி. நம் காசுக்கு நானூறு ரூபாய்க்கு மேல்.

மாமா, அந்தக் கறுப்பு உருண்டை நம்ம மரச்சீனிக் கிழங்குதான், மற்ற ஊர்க்காரர் மரவள்ளி என்பார்களே, அதுதான். கிழங்கை அரைத்துக் கரைத்து, தண்ணீரில் தெளிய வைத்து எடுக்கிற மாவு. அதில் கொதிக்கிற சர்க்கரைப் பாகை ஊற்றிப் பிசைந்து உருட்டி வேகவைத்திருக்கிறார்கள். 1980-களில் தைவானில் தொடங்கியது. அங்கே இரண்டு கடைக்காரர்கள் நாங்கள்தான் முதலில் போட்டோம் என்று வழக்காடிய கதையும் உண்டு. நம் பக்கம் விசாகம் திருநாள் மகாராஜா, 1880-க்கும் 1885-க்கும் இடையில் திருவிதாங்கூரை ஆண்டவர், ஜனங்கள் பசியாறட்டும் என்று ஊக்கி வளர்த்த பயிர் இது. பர்மா அரிசி வராமல் போன யுத்த காலத்தில் கிழங்கைத் தின்றுதான் உயிர் பிழைத்தோம் என்று பாட்டி தன் அம்மா சொல்லக் கேட்டதைச் சொல்லுவாளே, அதே கிழங்கு. நம் வீட்டில் விருந்தாளி வந்தால் கிழங்குப் பானையை மறைத்து வைப்போம். இங்கே அதை வாங்கி முதலில் போட்டோ எடுக்கிறார்கள், அப்புறம்தான் குடிக்கிறார்கள்.

முழுக் கிழங்கும் கிடைக்கும். கோஸ்டா ரிக்கா என்ற நாட்டிலிருந்து வருகிறது, தோல் முழுக்க மெழுகு பூசியிருக்கும். பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கிழங்கு நரம்போடிக் கறுத்துப் போவது உங்களுக்குத் தெரியாததா. கப்பலில் இவ்வளவு தூரம் தாங்க வேண்டும், அதற்குத்தான் மெழுகு. தோலைச் சீவும்போது அந்த மெழுகு சுருள் சுருளாக வந்து நகக்கண்ணில் அப்பிக்கொள்ளும். சுடுதண்ணீரில் கழுவினால்தான் போகும். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தால் நம் அதிர்ஷ்டம், நீலக் கோடு ஓடியிருந்தால் பாதியை எறிய வேண்டியதுதான். இப்போது உறைய வைத்த பாக்கெட்டுக்கு மாறிவிட்டேன். காந்தாரி மிளகு இல்லை, தாய்லாந்துக்காரரின் குட்டி மிளகாய் வைத்து உள்ளித் துவையல் அரைத்துக்கொள்கிறேன். சாளை மீன் வேண்டுமென்றால் போர்ச்சுகீசியர் மீன்கடைக்குப் போக வேண்டும். அவர்கள் ஊரிலும் சாளைக்கு அப்படி ஒரு மவுசு. மரச்சீனியை நம் கடற்கரைக்குக் கொண்டுவந்ததும் அந்தப் பறங்கிகள்தானே, கணக்கு நேராகிவிட்டது.

கூட வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் அக்கா ஒருத்தி இருக்கிறாள். லீவு ஒன்றாக வந்தால் என்னை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவாள். அவள் வாங்கிக் கொடுத்த பண்டங்களைத்தான் உங்களுக்கு முக்கியமாக எழுத நினைத்தேன். ஏத்தன்பழம் மாதிரி ஒரு பழம், அதோடு ஒரு கீற்று பலாச் சக்கைச் சுளை, இரண்டையும் மெல்லிய மாவுத் தாளில் சுருட்டி எண்ணெயில் போடுகிறார்கள். போடும்போதே மேலே சர்க்கரை தூவுவதால் அது உருகி மேலெல்லாம் கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொள்கிறது. கடித்தால் மொறுக்கென்று உடைந்து, உள்ளேயிருந்து சக்கை மணம் வரும். தூரோன் என்று பெயர். உங்கள் பழம்பொரியை நான் எந்நாளும் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனால் அந்தச் சக்கைக் கீற்று நல்ல யோசனை மாமா. சக்கை சீசனில் ஒருநாள் போட்டுப் பாருங்கள்.

கிறிஸ்துமசுக்கு முன்னால் ஒன்பது நாள் விடியற்காலைப் பூசை அவர்களுக்கு உண்டு. இங்கே குளிருக்குப் பயந்து பல கோவில்களில் மாலையிலேயே வைத்துவிடுகிறார்கள். பூசை முடிந்து வெளியே வந்தால் மூங்கில் குழாயில் ஊதா நிற அரிசி மாவை ஆவியில் வேகவைத்து, வாழை இலையில் தட்டி, தேங்காய்த் துருவலும் கறுத்த சர்க்கரையும் போட்டுத் தருவார்கள். பேரே புட்டோ பும்போங். நான் சிரித்த சிரிப்பில் அந்த அக்கா பயந்தே போனாள். எங்கள் வீட்டில் காலையில் இதுதான், கடலைக்கறி வைத்துச் சாப்பிடுவோம் என்று போனில் அம்மா புட்டு அவிக்கும் படத்தைக் காட்டினேன். இனிப்புப் பண்டத்துக்குக் கறியா என்று முகத்தைச் சுளித்தாள். அவளை ஒருநாள் ஊருக்குக் கூட்டிவர வேண்டும்.

அவர்களிடம் கிழங்கு கேக் ஒன்று உண்டு. பச்சைக் கிழங்கைத் துருவி, தேங்காய்ப்பாலும் டின் பாலும் கலந்து சுட்டெடுப்பது. மேலே பழுப்பாக ஒரு ஆடை, உள்ளே அல்வாவுக்கும் அடைக்கும் நடுவில் ஒரு பதம். ஓவன் அடுப்பு இருந்தால் போதும். தம்பிக்கு ஏதாவது புதிதாகச் செய்தே தீர வேண்டும் என்றால் இதைச் செய்யட்டும்.

சீனாக்காரரின் இனிப்புக் கடைகள் நடுராத்திரி வரை திறந்திருக்கும். இரவு டூட்டி இல்லாத நாட்களில் போவோம். கறுப்பு எள்ளை அரைத்துக் காய்ச்சிய சூடான கஞ்சி, சிவப்புப் பயறு இனிப்பு சூப், மாம்பழக் கூழில் ஜவ்வரிசியும் பம்ப்ளிமாஸ் சுளையும் உதிர்த்துப் போட்ட கிண்ணம். இந்தக் கடைசி ஐட்டம் ஹாங்காங் பக்கத்தது, எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவர்கள் ஒரு பண்டத்தை உச்சத்தில் வைத்துப் பாராட்டுவது எப்படித் தெரியுமா? ‘அவ்வளவாக இனிக்கவில்லை’ என்பார்கள். உங்கள் கடைப் பாயசத்தைக் குடித்துவிட்டு யாராவது அப்படிச் சொன்னால் நீங்கள் கரண்டியைத் தூக்கிவிடுவீர்கள். டுரியான் பழமும் தின்றேன். நாற்றம் நாற்றம் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீடு நிறையக் கூழன் சக்கை பழுத்துக் கிடக்கத் தூங்கியவள்தானே.

ஞாயிறு பூசை முடிந்து திம்சம் என்கிற சீனாப் பலகாரம் சாப்பிடப் போவது இங்கே பெரிய விசேஷம். மண்டபம் மாதிரி ஹோட்டல், வட்ட மேசை, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். பழைய கடைகளில் மூங்கில் தட்டுகளைத் தள்ளுவண்டியில் அடுக்கி மேசைக்கு மேசை கொண்டுவருவார்கள், வேண்டியதைக் கைகாட்டி எடுத்துக்கொள்ளலாம். இறால் கொழுக்கட்டை ஒன்று இருக்கிறது, மேல் மாவு உள்ளே இருக்கும் இறால் தெரிகிற அளவுக்குப் பளபளவென்றிருக்கும். அந்தப் பளபளப்புக்கு கோதுமை ஸ்டார்ச் மாவோடு சேர்க்கிறது மறுபடியும் நம்ம கிழங்கு மாவுதான். சாயா குடித்துக்கொண்டே இருக்கலாம், கெட்டிலின் மூடியைச் சாய்த்து வைத்தால் வந்து நிரப்பிவிட்டுப் போவார்கள். ஊற்றுகிறவருக்கு நன்றி சொல்ல மேசையை இரண்டு விரலால் தட்ட வேண்டும். கோழிக்கால் பாதத்தையும் விட்டுவைக்கவில்லை. அது எனக்கு ஓடவில்லை.

நூடுல்ஸ், வியட்நாம் சூப் எல்லாம் எழுதினால் கடிதம் நீளும். ஒன்று மட்டும் சொல்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒருத்தர் மாவுக் கட்டியை இரண்டு கையால் இழுத்து, மடித்து, மறுபடி இழுத்து, மேசையில் அறைந்து, நூல் நூலாகப் பிரித்துப் பானையில் போடுகிறார். நம் பஸ் ஸ்டாண்டு பரோட்டா மாஸ்டரைக் கூட்டிவந்து அவர் பக்கத்தில் நிறுத்த வேண்டும், இரண்டு பேருக்கும் பாஷையே தேவைப்படாது.

தமிழ்ச் சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. ஸ்காபரோ பக்கம் போனால் கடைப் பலகை முழுக்கத் தமிழ். 1983 கலவரத்துக்குப் பிறகு வந்த ஈழத்து ஜனங்கள்தான் இந்தக் கடைகளை எல்லாம் தூக்கி நிறுத்தினார்கள். இடியாப்பமும் சொதியும், கொத்து ரொட்டி, ஆட்டிறைச்சி ரோல், மீன் குழம்பு எல்லாம் கிடைக்கும். தேங்காய்ப்பால் ஊற்றிய அந்தச் சொதியைச் சோற்றில் விட்டுப் பிசைந்தால் நான் நம் வீட்டு அடுக்களையில்தான் இருக்கிறேன். அதே ஊரில் வெள்ளைத் துணி விரித்த ஒரு ‘தென்னிந்திய’ ஹோட்டலில் பதினெட்டு டாலர் கொடுத்து ஒரு தோசை தின்றேன். சாம்பார் தித்தித்தது. அதைப்பற்றி இனிமேல் பேச்சே வேண்டாம்.

விலைப்பட்டியலைப் பார்த்து ஏமாறக் கூடாது. பட்டியலில் இருபது டாலர் என்றால் அதன்மேல் 13 சதவீதம் வரி, அதற்குமேல் பரிமாறியவருக்குப் பதினைந்து, பதினெட்டு சதவீதம் டிப்ஸ். கார்டு மெஷினை நம் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்பார்கள், எப்படிக் குறைத்துப் போடுவது? இன்னொன்று, ஒவ்வொரு கடை வாசலிலும் நகராட்சி சுகாதாரத் துறையின் அட்டை ஒட்டியிருக்க வேண்டும். பச்சை என்றால் சுத்தம், மஞ்சள் என்றால் குறை இருக்கிறது, திருத்த வேண்டும், சிவப்பு என்றால் கடை மூடல். 2001-லிருந்து இருக்கிற ஏற்பாடு. மஞ்சள் அட்டையைப் பார்த்தால் பிலிப்பைன்ஸ் அக்கா வாசலிலேயே திரும்பிவிடுவாள்.

பால் சேர்க்காத சீஸ் கேக் என்று ஒன்று, இங்கே பணக்காரப் பண்டம். ஊறவைத்த அண்டிப்பருப்பை, முந்திரிதான், வெண்ணெயாக அரைத்துச் செய்கிறார்கள். அம்மா அண்டி ஆபீசில் வேலை பார்த்த நாட்களில் கறைபட்டு விரல் நுனித் தோல் உரிந்து வருவாளே, அந்தக் கையால் ஒரு துண்டு தின்னட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம், விலையைக் கேட்டால் மயங்கி விழுவாள்.

சரி, தம்பி விஷயம். ஃப்ரைட் ரைஸ் வேண்டவே வேண்டாம். தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் வரை அதை விற்காத கடை எது? முதல் மாதம் கூட்டம் வரும், ஆறாம் மாதம் ஈ ஓட்ட வேண்டும். பபிள் டீயும் வெளியூர்ப் பொடி, கப் மூடுகிற மெஷின் என்று லட்சம் போட்டுத் தொடங்குவதென்றால் வேண்டாம். வெந்த உருண்டை சில மணி நேரம்தான் நிற்கும், ஃப்ரிட்ஜில் வைத்தால் கல்லாகிவிடும். விற்காததைக் கொட்டத்தான் வேண்டும். ஆனால் மாவு நம் விளையிலேயே கிடக்கிறது. கிழங்கைத் துருவிப் பிழிந்து, தெளிய வைத்து, அடியில் தங்கும் வெள்ளை மாவை உலர்த்தச் சொல்லுங்கள். உலர்த்திப் பொடித்த கிழங்கு மாவு வேறு, அது ஒட்டாது. கருப்பட்டிப் பாகு தளதளவென்று கொதிக்கும்போதே மாவில் ஊற்ற வேண்டும், ஆறினால் கூடாது. சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி, கொதிநீரில் அரைமணி நேரம் வேகவிட்டு, அடுப்பை அணைத்து இன்னும் அரைமணி மூடி வைத்து, பச்சைத் தண்ணீரில் அலசி மறுபடி கருப்பட்டிப் பாகில் போடட்டும். மேலே உங்கள் சாயா. இங்கே கறுத்த சர்க்கரை போட்டதற்கே கூடுதல் காசு வாங்குகிறார்கள், அவர்களிடம் கருப்பட்டி ஏது? ஒரு மாதம் சாயங்காலம் மட்டும் ஒரு பானை போட்டுப் பார்க்கட்டும். கிழங்கும் மீன்கறியும் மட்டும் பலகையிலிருந்து எடுக்கக் கூடாது, எடுத்தால் நான் லீவுக்கு வரும்போது கடைப்பக்கம் வர மாட்டேன்.

அத்தையிடம் கொஞ்சம் முந்திரிக்கொத்து செய்து தரச் சொல்லுங்கள். மார்ச்சில் இங்கே வருகிற ஒருவர் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார், பிலிப்பைன்ஸ் அக்காவுக்குக் கொடுக்கத்தான். மேல்மாவு கொஞ்சம் கனமாக இருக்கட்டும், வழியில் உடைந்துவிடக் கூடாது.

திங்கள்சந்தையில் கிழங்கு இப்போது கிலோ என்ன விலை, கருப்பட்டி என்ன விலை என்று தம்பியைக் கேட்டு அனுப்பச் சொல்லுங்கள். ஒரு கிளாசுக்கு என்ன அடக்கம் வரும் என்று கணக்குப் போட்டு நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்