கான் ரயில் மறந்துபோன ஊர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆஸ்திரேலியாவின் ‘கான்’ ரயில் பற்றி வந்த பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அடிலெய்டில் ஏறி டார்வினில் இறங்கும் வரை 2,979 கிலோமீட்டரும் நம்மைக் கூடவே கூட்டிப் போகிறார் கட்டுரையாளர். ஆனால் பெயர்க் காரணத்துக்கு அவர் ஒதுக்கியது இரண்டே வரி. ‘கான்’ என்ற பட்டப்பெயர் கொண்ட ஒட்டகக்காரர்களைக் கௌரவிக்க வைத்த பெயர் என்று அதில் இருக்கிறது. அது சரியல்ல. தமிழில் எழுதும்போது இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். இந்தக் கான், ஷாருக் கானில் வரும் கான் இல்லை. ‘ஆப்கான்’ என்ற சொல்லின் முன்பாதியை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்ட பேச்சுவழக்கு.

நான் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அடிலெய்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது, கான் ரயிலில் ஏறாமல், அந்த ரயில் விட்டுப்போன மாரீ என்ற ஊரைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். அடிலெய்டிலிருந்து வடக்கே காரில் 600 கிலோமீட்டருக்கு மேல். ஊரில் நூறு பேர் இருந்தால் அதிகம். ஸ்டேஷன் இருக்கிறது, பிளாட்பாரம் இருக்கிறது, பழைய என்.எஸ்.யு. வகை டீசல் எஞ்சின்கள் வெயிலில் நிற்கின்றன. வண்டி மட்டும் வருவதில்லை.

1859-ல் ஸ்டூவர்ட் என்ற ஆய்வாளரின் குழுவில் இருந்த ஹெர்காட் என்ற ஜெர்மானியர் இங்கே ஊற்றுகளைக் கண்டுபிடித்தார். அதனால் ஹெர்காட் ஸ்பிரிங்ஸ் என்று பெயர். முதல் உலகப் போரில் ஜெர்மன் பெயர்களைத் துடைத்தெறிந்தபோது, 1918-ல் மாரீ ஆனது. இந்தப் பகுதியின் ஆதிக்குடிகளான அரபானா மக்களுக்கோ அந்த ஊற்றுகள் எவரும் கண்டுபிடித்துத் தர வேண்டியவை அல்ல. தலைமுறை தலைமுறையாக அவர்கள் குடித்த தண்ணீர் அது.

போர்ட் அகஸ்டாவில் 1878-ல் தொடங்கிய குறுகிய பாதை 1884-ல் இங்கே வந்து சேர்ந்தது. அகலம் 1,067 மில்லிமீட்டர். நம் மீட்டர் கேஜைவிட ஒரு மூன்று விரல்கடை கூடுதல், அவ்வளவுதான். தண்டவாளம் முடிகிற இடத்தில் ஒட்டகம் தொடங்கியது. மாவு, சர்க்கரை, கம்பி, இரும்புத் தகடு எல்லாம் வண்டியிலிருந்து இறங்கி ஒட்டகத்தின் முதுகில் ஏறும். ஒரு நல்ல ஆண் ஒட்டகம் அரை டன் வரை சுமக்கும். ஒன்றின் மூக்கணாங்கயிற்றை அடுத்ததன் சேணத்தில் கட்டி, வரிசையாக 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் பேர்ட்ஸ்வில் வரை நடக்க வைப்பார்கள். திரும்பும்போது கம்பளி மூட்டை.

அந்த ஒட்டகங்களை ஓட்டியவர்களை வெள்ளையர்கள் ஒரே சொல்லில் ஆப்கான் என்றார்கள். உண்மையில் பஷ்டூன்களோடு பலூசிகள், சிந்திகள், பஞ்சாபிகள், ராஜஸ்தானிகள் என்று பலரும் அதில் இருந்தார்கள். தாமஸ் எல்டர் என்ற பண்ணை முதலாளி 1866-ல் முதல் பெரிய மந்தையை இறக்கினார். 120-க்கும் மேற்பட்ட ஒட்டகங்கள், அவற்றோடு 31 ஆட்கள். கப்பல் ஏறிய இடம் அன்றைய பம்பாய் மாகாணத்துக் கராச்சி. அவர்களில் பலர் பிரிட்டிஷ் இந்தியாவின் குடிகள். நம் பத்திரிகைகள் இதை ஏதோ ஆஸ்திரேலிய வினோதமாக மட்டும் எழுதிவிட்டுப் போவது எனக்கு வருத்தம்.

கௌரவிக்க வைத்த பெயர் என்றாரே, ஊரைப் பார்த்தால் கௌரவம் எப்படி இருந்தது என்று தெரியும். மாரீயில் தண்டவாளமே எல்லைக்கோடு. ஒரு பக்கம் வெள்ளையர்கள், ஓட்டல், கடை. இன்னொரு பக்கம் ‘கான் டவுன்’, ஒட்டகக்காரர்களும் ஆதிக்குடிகளும். இடுகாட்டில்கூட வெள்ளையருக்கு, ஆதிக்குடிகளுக்கு, ஆப்கான்களுக்கு என்று தனித்தனிப் பகுதி. 1901-க்குப் பிறகு குடியேற்றச் சட்டத்தால் ஒட்டகக்காரர்கள் சொந்த நாட்டிலிருந்து மனைவியை அழைத்துவர வழியில்லை. பலருக்குக் குடியுரிமையும் கிடைக்கவில்லை. லாரிகள் வந்து ஒட்டகத்துக்கு வேலை குறைந்ததும், 1925-ல் தெற்கு ஆஸ்திரேலிய அரசு ஒட்டக அழிப்புச் சட்டம் போட்டது. கேட்பாரற்றுத் திரிந்தால் சுட்டுவிடலாம். பிள்ளை போல வளர்த்ததைத் துப்பாக்கிக்குக் கொடுக்க மனம் வராமல் பலர் பாலைவனத்தில் அவிழ்த்துவிட்டார்கள். இன்று அங்கே திரியும் காட்டு ஒட்டகங்களில் அவற்றின் சந்ததியும் உண்டு.

ஊரின் நடுவே பழைய பள்ளிவாசலின் மாதிரி ஒன்றைக் கட்டிவைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் முதல் பள்ளிவாசல் இங்கேதான் இருந்தது என்று சொல்பவர்கள் உண்டு. கட்டிய ஆண்டு பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கிறது, அது ஆய்வாளர்கள் பாடு. நான் பார்த்தது மண்ணும் மரமும் தழையும்தான். கையைச் சுவரில் வைத்தேன். நண்பகல் வெயிலிலும் உள்பக்கம் குளிர்ந்திருந்தது. நம் ஊர் மண்வீட்டின் அதே குளிர்ச்சி.

மாரீயில் வாழ்ந்த பெஜா தர்வேஷ் பற்றி ஒரு வரியாவது கட்டுரையில் வந்திருக்க வேண்டும். பலூசிஸ்தானில் பிறந்தவர். 1896-ல் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்துக்குள் போன கால்வர்ட் ஆய்வுப் பயணத்தில் ஒட்டகங்களுக்குப் பொறுப்பாகப் போனார். அந்தப் பாலைவனத்தில் குழுவின் இருவர் தாகத்தால் இறந்தார்கள். ஒட்டகங்களைக் காப்பாற்றி மற்றவர்களைக் கரை சேர்த்ததில் பெஜாவின் பங்கு பெரிது. குழுத் தலைவர் லாரன்ஸ் வெல்ஸ் தன் திசைகாட்டியையே அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். அப்புறம் மாரீயில் குடியேறி, பேரீச்சை வளர்த்து, 1957-ல் காலமானார்.

அதே 1957-ல்தான் தெற்கிலிருந்து ஸ்டாண்டர்டு கேஜ் என்னும் அகலம் கூடுதலான பாதை மாரீக்கு வந்தது. வடக்கே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை பழைய குறுகிய பாதையே. ஆக, பயணிகள் இங்கே இறங்கி வண்டி மாற வேண்டும், சரக்கும் மாற வேண்டும். கேஜ் மாறும் யார்டில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். இரவு பகல் பாராமல் ஊர் விழித்திருக்கும். நூறு குடும்பம் அதை நம்பிப் பிழைக்கும். பழைய பாதையின் குறை வெள்ளம். காய்ந்த ஆறுகளை நம்பிப் போட்ட தண்டவாளத்தை மழை வந்தால் ஆறு கொண்டுபோய்விடும். கட்டைகளைக் கறையான் தின்றுவிடும். 1980-ல் டார்கூலா என்ற ஊரிலிருந்து புதுப் பாதை போட்டு ரயிலை வெகுதூரம் மேற்கே தள்ளிக்கொண்டு போனார்கள். ரயில்வேக்காரனாக அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1987 வாக்கில் தெற்குப் பக்கத்துப் பாதையும் நின்று, மாரீக்கு எந்த வண்டியும் இல்லாமல் போனது. பெயரை மட்டும் ரயில் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

எங்கள் போடி லைனில் மீட்டர் கேஜ் வண்டி 2010 கடைசியில் நின்றபோது, திரும்ப வருமா என்று தெரியாமல் காத்திருந்தோம். 2022-ல் தேனி வரைக்கும், 2023-ல் போடி வரைக்கும் அகலப்பாதையில் வந்துவிட்டது. மாரீக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அந்தப் பக்கம் போகும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பாதையின் ஒரு துண்டு உயிரோடு இருக்கிறது. போர்ட் அகஸ்டாவுக்கும் குவார்னுக்கும் இடையே பிச்சி ரிச்சி என்ற பெயரில் 1973-லிருந்து தன்னார்வலர்கள் காப்பாற்றி, நீராவி எஞ்சின் ஓட்டுகிறார்கள். அதில் ஏறிப் பாருங்கள். பிறகு வடக்கே மாரீ வரை போங்கள். தங்களிடம் என் வேண்டுகோள், அந்த ஒட்டகக்காரர்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள். அந்த இடுகாட்டின் ஆப்கான் பகுதியில் பெயரே இல்லாத மேடுகளைப் பார்த்துவிட்டு வந்தவன் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்,
மதுரை.