காசு கொடுப்பவனுக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது?

பாராளுமன்றப் பெண் உறுப்பினர்கள் ஒன்றியத்தினருக்கு,

வணக்கம். கொழும்பு நீதிமன்றங்களில் தமிழ் பேசும் பெண்களுக்காக ஆஜராகும் சட்டத்தரணி நான். விபசார வழக்குகளில் ஒருபோதும் கூண்டில் ஏறாத ஒருவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்: காசு கொடுத்துப் போகும் ஆண்.

சுற்றிவளைப்புச் செய்திகளை நீங்களும் வாசித்திருப்பீர்கள். மசாஜ் நிலையம், முகாமையாளர், பெண்கள் கைது. அதில் வாடிக்கையாளர் என்று வருபவர் அநேகமாகப் பொலிஸார் அனுப்பிய போலி ஆள், வழக்கின் சாட்சி. உண்மையான வாடிக்கையாளர்களை யாரும் தேடுவதில்லை.

இலங்கையில் பணத்துக்கு உறவு கொள்வது தன்னளவில் குற்றமில்லை. பெண்களை உள்ளே தள்ள உதவுபவை வெள்ளைக்காரன் விட்டுப்போன இரண்டு கட்டளைச் சட்டங்கள்: 1841 இன் நாடோடிகள் சட்டமும் 1889 இன் விபசார விடுதிகள் சட்டமும். முதலாவதை வைத்துத் தெருவில் சும்மா நிற்கும் பெண்ணையும் பிடிக்கலாம், பிடிக்கிறார்கள்.

அண்மையில் ஹட்டன் பக்கத்துப் பெண் ஒருவருக்காக நின்றேன். குற்றச்சாட்டு சிங்களத்தில் வாசிக்கப்பட்டது. விளங்கப்படுத்தத் தொடங்கியபோது, "குத்தத்த ஒத்துக்கிறேன்னு சொல்லிருங்க மிஸ், புள்ளய பக்கத்து வீட்ல விட்டுட்டு வந்திருக்கேன்" என்றார். அவருடைய கைப்பையில் எடுத்த ஆணுறைகள் சாட்சிப் பொருளாக ஒரு கடித உறைக்குள் இருந்தன. அவற்றை இலவசமாகக் கொடுத்தது அரசாங்கத்தின் சிகிச்சை நிலையம்! ஒரு திணைக்களம் கொடுக்கிறது, இன்னொன்று அதையே காட்டி வழக்குப் போடுகிறது.

வெளியே வந்த பிறகுதான் மற்றதைச் சொன்னார். முந்திய வாரம் ஒருவன் ஆணுறை வேண்டாமென்று அடம்பிடித்து, மறுத்ததற்கு அறைந்திருக்கிறான். "பொலிசுக்குப் போவியா? போ" என்று சிரித்தானாம். அவன் சட்டம் படித்தவனாக இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் சட்டம் யார் பக்கம் என்பதைச் சரியாகவே விளங்கியிருந்தான்.

"காசு குடுத்துத்தானே போறன், களவெடுக்கேல்லையே" என்று வெள்ளவத்தையில் படித்த மனிதர் ஒருவரே என்னிடம் கேட்டிருக்கிறார். இது நம்மூர் ஆண்களின் தனிச்சொத்தும் இல்லை. 2009 இல் லண்டனில் வெளியான ஆய்வொன்றில், காசு கொடுத்துப் பெண்களிடம் போகும் 103 ஆண்களிடம் பேசினார்கள். இந்தப் பெண்களில் பெரும்பாலானோர் ஏமாற்றியோ கடத்தியோ கொண்டுவரப்பட்டவர்கள் என்று அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நம்பினார்கள். நம்பிக்கொண்டேதான் போனார்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவர், காசு கொடுத்துவிட்டால் எதையும் செய்யலாம் என்றார். ஆகவே, "பாவம், அவர்களுக்குத் தெரியாது, விழிப்புணர்வு ஊட்டுவோம்" என்று சுவரொட்டி அடிக்கப் புறப்படுபவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

அப்படியானால் வாங்குபவனைத் தண்டிக்கலாமே என்பீர்கள். சுவீடன் 1999 இலிருந்து அப்படித்தான் செய்கிறது. பிரான்சில் 2016 இலிருந்து, முதல் தடவை பிடிபட்டால் 1,500 யூரோ வரை தண்டம். தெருவில் ஆள் பிடித்ததாகப் பெண்களைத் தண்டித்த பிரிவு அதே சட்டத்தில் நீக்கப்பட்டது. பலர் மறந்துவிடும் பாதி அதுதான். இங்கே அந்தப் பாதியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் கொண்டுவந்தால், பொலிஸ்காரருக்கு இன்னொரு பொக்கெட் திறந்த மாதிரித்தான். ஆண் அங்கேயே காசைக் கொடுத்துவிட்டுப் போவான், பெண் வழமைபோல நீதிமன்றத்துக்கு வருவாள்.

எனக்கு அதிகம் பிடித்தது நியூசிலாந்தில் நடந்தது. 2003 இல் இத்தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ஆணுறை பாவிக்கும் கடப்பாடு அங்கே வாடிக்கையாளருக்கும் உண்டு. 2014 இல் அத்தொழிலில் இருந்த பெண் ஒருவர், விடுதி நடத்தியவர் மீது பாலியல் தொல்லை முறைப்பாடு செய்து 25,000 டொலர் நட்டஈடு பெற்றார். கொழும்பில் ஒரு பெண் அப்படி முறையிடப் போனால் அவளைத்தான் முதலில் உள்ளே போடுவார்கள். நியூசிலாந்து முறையும் ஆட்கடத்தலுக்கு மருந்தில்லை, தெரியும். அதற்குத் தண்டனைச் சட்டக்கோவையில் ஏற்கெனவே இடமிருக்கிறது, பாவித்தால் போதும்.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்த 1841 ஆம் ஆண்டுச் சட்டத்தை இல்லாமலாக்குங்கள். ஆணுறையைச் சாட்சிப் பொருளாக்குவதையும் போலி வாடிக்கையாளரை அனுப்புவதையும் சுற்றறிக்கை போட்டு நிறுத்தச் சொல்லுங்கள். அடித்தவன் மீது முறையிட வரும் பெண்ணை, அவள் செய்யும் தொழிலைக் காட்டிக் கைதுசெய்யக் கூடாதென்று எழுத்தில் வாங்குங்கள். வாங்குபவனுக்குத் தண்டமா இல்லையா என்பதை அதன்பிறகு பேசலாம்.

பேசும்போது இந்தப் பெண்களையும் கூப்பிடுங்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு. கூட்டத்தைக் காலையில் வைக்க வேண்டாம்; தெருவில் நிற்பவர்கள் அப்போதுதான் படுக்கப் போவார்கள்.

இப்படிக்கு,
கொழும்பிலிருந்து ஒரு சட்டத்தரணி