விடுமுறையிலும் திறந்திருக்கும் சாப்பாட்டுக்கூடம்

குயின்ஸ், நியூயார்க்
ஜூலை

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மொட்டை மாடிக்கு ஏறி வடாம் கூடக் காயவைத்தாய் என்று படித்தபோது மனசுக்கு நிம்மதியாக இருந்தது. ஆனாலும் டாக்டர் சொன்ன பயிற்சியை விட்டுவிடாதே. அண்ணனுக்குச் சர்க்கரை எந்த அளவில் இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் எழுது.

இங்கே எல்லோரும் நலம். மகனுக்கு வேலையில் அலைச்சல் அதிகம். மருமகளும் பெரும்பாலான நாட்கள் அலுவலகம் போகிறாள். ஜூன் கடைசியில் பள்ளி மூடியதிலிருந்து பகல் முழுக்க வீட்டில் நானும் பேரனும்தான். எட்டு வயசுப் பையனை எத்தனை நேரம்தான் நாலு சுவருக்குள் வைத்திருப்பது? அதனால் கோடையில் இந்த ஊர் பிள்ளைகளுக்காக என்னென்ன நடத்துகிறதோ அத்தனையும் இப்போது எனக்கு அத்துப்படி.

நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய். இரண்டு மாதத்துக்கும் மேலாகப் பள்ளி மூடிக் கிடந்தால், மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளியை நம்பியிருக்கிற பிள்ளைகள் என்ன செய்யும் என்று. இந்தக் கேள்வி உனக்குத்தான் வரும். சத்துணவு மையத்தில் அத்தனை வருடம் இருந்தவள் நீ. ஏப்ரல் கடைசியில் அடுப்பை அணைத்துப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்க்கிற நாளில் உன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வறட்சிப் பகுதிகளில் விடுமுறையிலும் மதிய உணவு போட வேண்டும் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டபோது நீ எனக்கு ஃபோன் பண்ணிச் சொன்ன சந்தோஷமும் நினைவிருக்கிறது.

சரி, பதிலுக்கு வருகிறேன். இங்கே அந்தப் பிள்ளைகளுக்குக் கோடையிலும் சாப்பாடு உண்டு. நியூயார்க்கில் பல அரசுப் பள்ளிகளின் சாப்பாட்டுக்கூடங்கள் விடுமுறையிலும் திறந்திருக்கின்றன. சில நூலகங்களிலும் பூங்காக்களிலும் பொது நீச்சல் குளங்களிலும் கொடுக்கிறார்கள். சில இடங்களுக்கு வண்டியிலேயே கொண்டுவருகிறார்கள். காலை உணவு, மதிய உணவு இரண்டும் உண்டு. 18 வயசு வரைக்கும் யார் வேண்டுமானாலும் போய்ச் சாப்பிடலாம். பெயர் கேட்பதில்லை. அடையாள அட்டை, வருமானச் சான்று, எந்தப் பள்ளியில் படிக்கிறாய், எந்த நாட்டிலிருந்து வந்தாய், விசா இருக்கிறதா, எதுவுமே கேட்பதில்லை. பிள்ளை வரிசையில் நிற்கிறது, தட்டை வாங்குகிறது, உட்கார்ந்து சாப்பிடுகிறது. அவ்வளவுதான்.

நம் ஊர்ச் சாப்பாட்டை மனசில் வைத்துக்கொண்டு பார்த்தால் இது உனக்குச் சாப்பாடாகவே தோன்றாது. ஒரு சாண்ட்விச், இல்லையென்றால் பீட்சா துண்டு, கொஞ்சம் கேரட்டோ பீன்ஸோ, ஓர் ஆப்பிள், சின்ன அட்டைப் பெட்டியில் பால். பெரும்பாலும் ஆறிப்போனதுதான். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், கலவை சாதமும் மசாலா முட்டையும் சுடச்சுடப் போட்ட உன் கையால் இதைப் பரிமாறச் சொன்னால் நீ சம்மதிக்க மாட்டாய். ஆனால் தட்டில் பால், தானியம், புரதம், காய்கனி எல்லாம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த அளவில் குறை வைப்பதில்லை.

பேரனை நான் முதலில் கூட்டிக்கொண்டு போனபோது மருமகளுக்குச் சங்கடம். "நமக்கு எதுக்கு அத்தை? இல்லாதவங்க வந்து சாப்பிடுற இடத்துல நம்ம பிள்ளை போய் அவங்க பங்கை எடுக்கலாமா?" என்றாள். நல்ல மனசோடு கேட்டாள், குறை சொல்ல முடியாது. இங்கே நம்மவர்கள் பலரும் இதைத்தான் நினைக்கிறார்கள். கோயிலுக்கு வருகிற பெண்களிடம் பேச்செடுத்தால், "அது ஏழைகளுக்கு இல்லையா?" என்கிறார்கள்.

நான் அவளுக்குச் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன், ஏனென்றால் இதில் எனக்கு உறுதியான எண்ணம் இருக்கிறது. இந்தத் திட்டத்தில் மத்திய அரசு பணம் தருவது பரிமாறிய தட்டுக் கணக்குக்கு. ஒரு பிள்ளை சாப்பிட்டால் ஒரு தட்டுக்குக் காசு. என் பேரன் சாப்பிடுவதால் இன்னொரு பிள்ளைக்குக் குறைவதில்லை. மாறாக, வருகிற பிள்ளைகள் குறைந்தால்தான் அந்த இடத்தை நடத்துவது கட்டுப்படியாகாமல் போகிறது. கூட்டம் இல்லாத இடத்தை அடுத்த வருடம் யார் திறப்பார்கள்? அப்போது தேவை இருக்கிற பிள்ளைக்கும் இல்லாமல் போகும்.

இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் எனக்கு முக்கியம். இல்லாத வீட்டுப் பிள்ளைகள் மட்டும் வந்து உட்காரும் இடம் என்று பெயர் வந்துவிட்டால், பன்னிரண்டு வயசுக்கு மேல் ஒரு பிள்ளையும் வராது. பசியோடு வீட்டில் படுத்துக் கிடக்குமே தவிர வராது. இந்த ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் 2017-க்கு முன்னால் அப்படித்தான் இருந்தது. வருமானம் குறைவு என்று படிவம் நிரப்பிக் கொடுத்தவர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்குக் காசு. இலவசச் சாப்பாட்டுக்காரன் என்று கேலி செய்வார்கள் என்று பயந்து சாப்பிடாமலே இருந்த பிள்ளைகள் நிறையப் பேர். அந்த வருடம் செப்டம்பரிலிருந்து நகரத்தின் எல்லா அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு இலவசம் என்று ஆக்கினார்கள். எல்லோரும் ஒரே வரிசையில் வந்த பிறகு யாரைப் பார்த்து யார் கேலி செய்வது? என் பேரன் அந்த மேசையில் உட்கார்ந்து பக்கத்தில் இருக்கிற பிள்ளையோடு கதை பேசிக்கொண்டு சாப்பிடுவதே அந்தப் பிள்ளைக்கு ஒரு மரியாதை. மருமகள் கொஞ்ச நேரம் யோசித்தாள். இப்போது அவளே வாரக் கடைசியில் அவனுடைய நண்பர்களின் அம்மாக்களுக்குச் செய்தி அனுப்புகிறாள், வாருங்கள் என்று.

எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று அங்கே இருக்கிறது. ஒரு மூலையில் தனியாக ஒரு மேசை. பிரிக்காத பால், தோலோடு இருக்கிற பழம் இப்படித் தனக்கு வேண்டாததைப் பிள்ளைகள் அதில் வைத்துவிடலாம். இன்னும் பசிக்கிற பிள்ளை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். கேட்க வேண்டாம், ஏன் என்று யாரும் பார்ப்பதில்லை. ஒல்லியாக ஒரு பையன் தினமும் கடைசி வரைக்கும் இருந்து இரண்டு மூன்று பால் குடித்துவிட்டுத்தான் போகிறான். பரிமாறுகிற அம்மாள் அவன் வரும் நேரம் பார்த்து அந்த மேசையை நகர்த்தி அவன் பக்கமாகப் போடுவதை நான் கவனித்திருக்கிறேன். உன் மையத்து ஆயாம்மாவும் அப்படிப்பட்டவர்தானே.

மனசு ஆறாத விஷயமும் ஒன்று இருக்கிறது மீனா. பெரியவர்களுக்கு அங்கே சாப்பாடு கிடையாது. 18 வயசுக்கு மேற்பட்டவருக்குக் கொடுக்கிற தட்டுக்கு அரசு காசு தராது. அதோடு பிள்ளையும் அங்கேயே உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. வங்காளதேசத்துப் பெண் ஒருத்தி, இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை என்று வருவாள். பிள்ளைகள் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் மூத்தது தன் சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்து அம்மா வாயில் வைக்கப் போனது. அவள் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டு, அங்கே நின்ற ஊழியரைப் பார்த்தாள். ஊழியர் ஒன்றும் சொல்லவில்லை, வேறு பக்கம் போய்விட்டார். ஆனாலும் அவள் அதை வாங்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தங்கச்சி பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிற சிறுமிகளைப் பற்றி நீ சொல்வாய். பதிவேட்டில் பெயர் இல்லாத அந்தப் பாப்பாவுக்கும் ஒரு கரண்டி சேர்த்துப் போடுவேன் என்பாய். இங்கே சட்டம் எழுதியவர்கள் அந்த ஒரு கரண்டிக்கு இடம் வைக்கவில்லை. முடியாத காரியமும் இல்லை இது. கொரோனா வந்த 2020-இல் இதே நகரம் பள்ளி வாசல்களில் நாளுக்கு மூன்று வேளைச் சாப்பாட்டைப் பெரியவர்களுக்கும் சேர்த்துப் பொட்டலமாகக் கொடுத்தது. நாடு முழுவதும் அந்தச் சமயத்தில் எடுத்துப்போக அனுமதித்தார்கள். பிறகு அது போய்விட்டது. 2023-இலிருந்து கிராமப்புறங்களுக்கு மட்டும், பிள்ளைகள் கூடி உட்கார வழியில்லாத இடங்களில், எடுத்துப்போகலாம் என்று நிரந்தரமாக விட்டிருக்கிறார்கள். நகரத்துத் தாய்க்கும் அலைச்சல்தானே, வெயில்தானே.

திட்டம் பழையதுதான். 1968-இல் சோதனையாகத் தொடங்கி, 1975-இல் தனிச் சட்டமாக ஆனது. சுற்றுவட்டாரப் பிள்ளைகளில் பாதிப் பேராவது இலவசமாகவோ குறைந்த விலையிலோ பள்ளி உணவு பெறத் தகுதி உள்ளவர்கள் என்றால், அந்த இடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கேள்வி கேட்காமல் கொடுக்கலாம் என்பதுதான் அடிப்படை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாடு முழுக்கப் பார்த்தால், பள்ளி நாட்களில் இலவச மதிய உணவு சாப்பிடுகிற பிள்ளைகளில் ஏறக்குறைய ஆறேழு பேருக்கு ஒருவர்தான் கோடையில் வருகிறார். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தாலும், வேலைக்குப் போய்விட்ட அப்பா அம்மா யாரை அனுப்பிக் கூட்டிப்போகச் சொல்வார்கள்? அதனால்தான் 2024-இலிருந்து இன்னொன்று கொண்டுவந்தார்கள். தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் கோடைக்கு 120 டாலர், மளிகை வாங்கும் அட்டையில் போட்டுவிடுகிறார்கள். நியூயார்க் அதை ஏற்றுக்கொண்டது. ஏற்காத மாநிலங்களும் இருக்கின்றன. பிள்ளைகளின் சாப்பாட்டில் ஒரு மாநிலம் எப்படி வேண்டாம் என்று சொல்ல முடிகிறது என்று எனக்குப் புரியவில்லை.

சாப்பாட்டுக்கு அப்புறம் எங்கள் பகல் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும். அஸ்டோரியாவில் ஒரு பொது நீச்சல் குளம் இருக்கிறது, 1936-இல் பொருளாதார மந்தக் காலத்தில் வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுத்துக் கட்டியது. நகரத்திலேயே பெரியது, ஒரு காசு வாங்குவதில்லை. பூட்டு மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும், பை வைக்கிற பெட்டிக்கு. பேரன் மெல்லத் தலையை முக்கப் பழகிவிட்டான்.

அப்புறம் தெருவோரத் தீயணைப்புக் குழாய். வெயில் ஏறினால் அதைத் திறந்துவிட்டுப் பிள்ளைகள் குதிப்பது இந்த ஊர் வழக்கம். முழுக்கத் திறந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,800 லிட்டர் போய்விடும், தீப்பிடித்தால் அழுத்தம் கிடைக்காது. அதனால் தீயணைப்பு நிலையத்தில் ஒரு தெளிப்பு மூடி தருகிறார்கள். 18 வயசு தாண்டிய யாராவது அடையாள அட்டையோடு போய்க் கேட்டால் இலவசமாக வந்து மாட்டிவிடுவார்கள். அது இருந்தால் நிமிடத்துக்கு நூறு லிட்டர் அளவில்தான் போகும், பிள்ளைகளுக்கு மழை மாதிரி விழும். ராமநாதபுரத்தில் குடத்தோடு நின்று வளர்ந்த நம் இருவருக்கும் அந்த நூறு லிட்டரே வயிற்றைக் கலக்கும். ஆனாலும் ஒரு நகரம் தண்ணீரை மிச்சப்படுத்த யோசித்தபோது பிள்ளைகளின் விளையாட்டை நிறுத்தாமல் வழி கண்டுபிடித்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

மதியத்தில் நூலகம். குளுகுளு வசதி உண்டு, கடும் வெயில் நாட்களில் யாரும் வந்து உட்காரலாம் என்று அறிவித்தே வைத்திருக்கிறார்கள். 2021-இலிருந்து தாமதக் கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் அபராதத்துக்குப் பயந்து அட்டையைத் தொடாத பிள்ளைகள் எத்தனையோ பேர்.

ஒரு விஷயத்தில் உன் யோசனை வேண்டும். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் நடக்கிறது, எல்லோருக்கும்தான். வார நாட்களில் அந்தப் பள்ளிக்கு எதிரே இருக்கிற சமுதாயக் கூடத்தில், பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாக்களுக்கு மட்டும் தயிர்சாதமோ எலுமிச்சைச் சாதமோ கொண்டுபோய் வைக்கலாமா என்று நானும் இன்னும் இரண்டு பெண்களும் பேசிக்கொண்டிருக்கிறோம். இத்தனை பேருக்கு இத்தனை அரிசி என்று நீ கண்ணாலேயே அளப்பாயே, அந்தக் கணக்கை எனக்கு எழுது. முப்பது பேர் என்று வைத்துக்கொள். வெயிலில் மூன்று மணி நேரம் கெடாமல் இருக்க என்ன செய்வாய் என்பதையும் எழுது. அந்த வங்காளதேசத்துப் பெண்ணுக்கு யாரோ இலவசமாகக் கொடுத்தது என்று தோன்றாத மாதிரி அதை எப்படி வைப்பது என்றும் நீயே சொல்ல வேண்டும்.

டிசம்பரில் மகன் ஊருக்கு வருகிறான், முடிந்தால் நானும் வருவேன். உன் பேத்திக்கு வேண்டிய புத்தகங்களின் பட்டியலை அதற்குள் அனுப்பச் சொல்.

அன்புடன்,
வசந்தி