வக்கீல் தேடும் நெட்டையனுக்கு

பாளையங்கோட்டை
12.10.2025

அன்புள்ள நெட்டையனுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் வீட்டம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. எனக்குச் சர்க்கரை ஏறியும் இறங்கியும் விளையாடுகிறது, அதை விடு. கடைசிப் பத்தியில் போகிற போக்கில் எழுதியதுபோல எழுதியிருக்கிறாய், கோயம்புத்தூரில் உன் தம்பி மகனுக்கு ஒரு மோசடி வழக்கில் போலீஸ் நோட்டீஸ் வந்திருக்கிறது, 'தோற்காத வக்கீல்' யாரையாவது தெரியுமா என்று. அதற்குத்தான் இன்று உட்கார்ந்தேன். அப்படி ஒருவரை நானும் தேடினேன். நாற்பதாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தார்.

ஜூலையில் என் தங்கை மகனைப் பிடித்துப்போன கதையை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம். மடைத் தண்ணீர்த் தகராறு. பங்காளி வீட்டுக்காரருடன் வாய்ச்சண்டை முற்றி, இவன் கையிலிருந்த மண்வெட்டிக் காம்பு அவர் தலையில் விழுந்து ஆறு தையல். கொலை முயற்சி என்று எழுதிவிட்டார்கள். பழைய தண்டனைச் சட்டத்தில் நமக்குப் பழகிய 307ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் வந்த புதிய சட்டத்தில் 109.

இரவு பத்து மணிக்கு ஸ்டேஷன் வாசலில் நிற்பவனுக்குப் புத்தி நேராக ஓடாது. தங்கை அழுகிறாள். மைத்துனர் யார் யாருக்கோ போன் போடுகிறார். டீக்கடைப் பக்கம் நின்ற ஒருவர் தானாக வந்து, "நமக்கு வேண்டிய வக்கீல் இருக்கிறார், இன்ஸ்பெக்டரோடு நல்ல பழக்கம்" என்றார். அரை மணி நேரத்தில் வக்கீலே வந்து இறங்கினார். முதல் தகவல் அறிக்கையைக் கேட்கவில்லை, பையனிடம் பேசவில்லை. என் தோளில் கை வைத்து, "இரண்டே நாள். பையன் வீட்டில் இருப்பான்" என்றார். அந்தக் கை அப்போது தெய்வத்தின் கையாகத் தெரிந்தது எனக்கு. முப்பத்தைந்து வருடம் வங்கியில் காசாளராக உட்கார்ந்து, சீட்டில்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதவன், மறுநாள் காலையில் நாற்பதாயிரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு ரசீதுகூடக் கேட்காமல் வந்தேன்.

இரண்டு நாள் பத்து நாளானது. போனை எடுத்தால் "அடுத்த வாரம் பார்த்துவிடலாம்". பாதி நாள் எடுப்பதே இல்லை. ஜாமீன் மனு தள்ளுபடியான செய்தியைக்கூட அவர் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் கைப்பேசியில் இ-கோர்ட்ஸ் செயலியில் தேடிப் பார்த்துச் சொன்னாள். காயம்பட்டவர் இன்னும் மருத்துவமனையில் இருக்கிறார், அதனால் தள்ளுபடி. அவர் வீடு திரும்பும் வரை பொறுத்து மனுப் போட்டிருக்கலாம் என்பதோ, குறைந்தபட்சம் அதை எங்களிடம் சொல்லியிருக்கலாம் என்பதோ அந்த வக்கீலுக்குத் தோன்றவில்லை.

கிளைச் சிறையில் மனுப் போட்டு அவனைப் பார்க்கப் போனபோது அவன் சொன்னான்: "மாமா, என்னோடு இருந்த பையனுக்கு இலவச வக்கீல் வந்தார். அவன் போன வியாழக்கிழமையே வெளியே போய்விட்டான்." காவலில் இருப்பவர் யாராயிருந்தாலும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் போதும். அது எனக்கு முதல் நாளே தெரியும், நெட்டையா. தெரிந்தும், தர்ம ஆஸ்பத்திரி மருந்து நமக்கு எதற்கு என்ற கௌரவம்.

கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது அலுவலகத் தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பூங்காவில் என்னோடு நடப்பவர். அவர்தான் இப்போதைய வக்கீல் அம்மாவிடம் அனுப்பினார். நாற்பது வயதிருக்கும். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு அறை, நான்கு நாற்காலி, ஒரு ஜூனியர் பையன். "பெண் வக்கீல் போலீஸோடு மல்லுக்கட்டுவாரா அண்ணா?" என்று தங்கை படியேறும்போதே கேட்டாள். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்தச் சந்தேகம்தான்.

அவர் எங்களை ஆறுதல்படுத்தவில்லை. ரிமாண்ட் ஆன தேதி என்ன, பையனுக்குக் காயம் உண்டா, எதிர்த்தரப்பு எப்போது டிஸ்சார்ஜ் ஆனார், இதற்கு முன் வழக்கு உண்டா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நான் நடுவில் புகுந்து, "பையன் அந்த இடத்திலேயே இல்லை" என்றேன். அவர் பேனாவை மூடினார்.

"சார், ரத்தக்கறை பட்ட அவன் சட்டையைக் கைப்பற்றியதாக எழுதியிருக்கிறார்கள். நீங்கள் என்னிடம் சொல்வது இந்த அறையைத் தாண்டாது, அதற்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் பொய்யை நம்பி நான் கோர்ட்டில் நின்றால் தடுக்கி விழுவது நானில்லை, உள்ளே இருக்கிறானே, அவன்."

அறுபத்தாறு வயதில் பள்ளிக்கூடத்துப் பையன்போல வாங்கிக்கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் நடந்தது நடந்தபடி வெளியே வந்தது: முதலில் அடி விழுந்தது இவன் கையில். ரிமாண்டுக்கு முன் அரசு மருத்துவமனையில் எழுதிய சீட்டிலேயே இடது முழங்கையில் வீக்கம், சிராய்ப்பு என்று இருந்தது. நாங்கள் யாரும் அதைப் படிக்கவில்லை. முதல் வக்கீலும்தான்.

ஜாமீன் கிடைக்குமா என்று தங்கை கேட்டாள். "கேட்கிறேன். கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். இங்கே மறுத்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகலாம். எதுவும் நடக்காவிட்டால், காயம் இருப்பதால் இது ஆயுள் தண்டனை வரை போகும் பிரிவு, 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் அவனை விட்டுத்தான் ஆக வேண்டும்" என்றார். ஜாமீன் மனுவுக்கு இவ்வளவு, விசாரணை வந்தால் எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தங்கைக்கு வெளியே வந்ததும் அழுகை. அந்த மனிதராவது தைரியம் சொன்னாரே என்றாள்.

பழைய வக்கீலிடம் வழக்குக் காகிதக் கட்டைத் திருப்பி வாங்குவது தனிக்கூத்து. பாக்கி 35 ஆயிரத்தைக் கொடுத்தால்தான் தருவேன் என்றார். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் காகிதங்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது என்று இந்த அம்மா போனில் இரண்டு வரி பேசினார். மறுநாள் குமாஸ்தா கட்டோடு வந்து, வக்காலத்து மாற்ற ஆட்சேபமில்லை என்ற கையெழுத்தையும் கொடுத்துப் போனார். கொடுத்த நாற்பதாயிரத்துக்கு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்று மைத்துனர் குதித்தார். வக்கீல் தொழில் அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். கொடுக்கவில்லை. ரசீது எங்கே என்று கேட்பார்களே!

இருபத்து மூன்றாம் நாள் ஜாமீன் கிடைத்தது. இரண்டு ஜாமீன்தாரர், தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. ஆள் வேண்டுமா, மூவாயிரம் கொடுத்தால் ஜாமீன்தாரர் ரெடி என்று கோர்ட் வாசலிலேயே ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று வீட்டுவரி ரசீதும் ஆதாரும் எடுத்துக்கொண்டு நானே போய் நின்றேன்.

இனி உன் தம்பி மகன் சங்கதி. நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(3) பிரிவு நோட்டீஸ் போலத் தெரிகிறது. வா, விளக்கம் சொல் என்பதுதான் அது, கைது அல்ல. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள வழக்குகளில் தேவையில்லாமல் கைது செய்யாதே, இப்படி நோட்டீஸ் கொடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் கண்டித்துச் சொன்ன பிறகுதான் இது அழுத்தமாக நடைமுறைக்கு வந்தது. நீ சொல்லும் மோசடிப் பிரிவு ஏழு ஆண்டுக்குள்தான் வருகிறது. நோட்டீஸில் போட்ட தேதிக்கு அவன் போகாமல் இருந்தால்தான் வம்பு. ஒளிந்து கொள்ளச் சொல்லாதே. உன் தம்பியைக் கோபப்படாமல் உட்காரவைத்து, பணம் வந்த வழி, போன வழி எல்லாவற்றையும் அவனிடம் கேட்கச் சொல். வக்கீலிடம் போகும்போது அவன் மட்டும் தனியாகப் பேசட்டும். அப்பா பக்கத்தில் இருந்தால் எந்தப் பையன் உண்மையைச் சொல்வான்?

எங்கள் வழக்கில் போன வாரம் குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருக்கிறது. ஒன்பது சாட்சிகள். நகல் வாங்க 29ஆம் தேதி வாய்தா. அதற்குப் பிறகு செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும், எத்தனை வருடமோ. அவன் இப்போது வயலுக்குப் போகிறான். மடைக்கு மட்டும் மைத்துனர்தான் போகிறார்.

நோட்டீஸின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து உடனே அனுப்பு. நாளை மாலை ஐந்தரைக்கு அந்த அம்மா அறையில் இருப்பார். கோயம்புத்தூரில் அவருக்குத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டு, இரவே போன் செய்கிறேன். ரசீது புத்தகம் வைத்திருப்பவரா என்றும் கேட்கிறேன்.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்