அலமாரிச் சாவி தொடர்பாக மண்டபச் செயலவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயலவை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு மாலை, வெவ்வேறு கட்சிகளைச் சேர்ந்த நம் தோட்டத்து மக்கள் பல்நோக்கு மண்டபத்தில் ஒன்றாக உட்கார்ந்து பேசும் கூட்டத்திற்கு, ஒலிபெருக்கியையும் இயங்கலை இணைப்பையும் சம்பளமின்றிக் கவனித்துக்கொள்பவன் நான். இணையப் பெட்டி வைத்துப் பூட்டியிருக்கும் இரும்பு அலமாரியின் சாவிக்குக் கட்சிக் கிளைத் தலைவரின் கடிதம் கேட்கப்படுவதும், எந்தக் கட்சிக்கும் உரியதல்லாத எங்கள் குழுவுக்கு அக்கடிதம் எழுதித் தர ஆளில்லை என்பதும் தாங்கள் அறிந்தவையே. எங்களுக்கு வேண்டியது அந்தச் சாவி, மாதத்தில் ஒரு மாலைக்கு மட்டும்.

கடந்த கூட்டத்தில், தோட்டத்தை விட்டு வெளியேறிய தொழிலாளர்களின் வீட்டுடைமை பற்றிப் பேசினோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கே பால்மரம் சீவி, இப்போது கிள்ளான் நகரில் மகள் வீட்டில் இருக்கும் ஒரு பாட்டி திறன்பேசி வழியாகப் பேச விரும்பினார். சிவப்புக் கோடு விழுந்த ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டால்தான் குரல் கேட்கும் என்பதை அவருக்குச் சொல்லித்தர எனக்கு மூன்று இரவுகள் பிடித்தன. மண்டபத்தின் தகரக் கூரைக்குக் கீழே அலைவரிசை எட்டாததால், என் திறன்பேசியை ரப்பர் வளையத்தால் சன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து கணினிக்கு இணைப்பு எடுத்திருந்தேன். பாட்டி, "அன்றைக்குக் கிராணி எங்களைப் பெரட்டுக் களத்தில் நிற்கவைத்து..." என்று, தோட்டக் கணக்கர் காலையில் ஆள் எண்ணும் களத்தில் நடந்ததைச் சொல்லத் தொடங்கிய வேகத்தில் இணைப்பு அறுந்தது. மறுபடி இணைத்தபோது அவர் பேச மறுத்துவிட்டார். அன்றிரவு அழைத்தார். "தம்பி, நான் அந்தக் கட்சிக்காரி என்பதால்தான் என் வாயை அடைத்தாயா?" என்று கேட்டார். பூட்டிய அலமாரியைப் பற்றி நான் விளக்கியதை அவர் பொறுமையாகக் கேட்டார். நம்பினாரா என்பது தெரியவில்லை.

அவரை மட்டும் சொல்வானேன். இலவசக் கணக்கில் 40 நிமிடம் கடந்தால், நாங்கள் பயன்படுத்தும் சூம் செயலி தானாகவே கூட்டத்தை முடித்துவிடும். அதையும் நானே கடிகாரத்தைப் பார்த்துச் செய்கிறேன் என்று ஒரு தரப்பின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எழுதியிருக்கிறார்கள். அடுத்த மாதம் மறுதரப்பும் எழுதியது. அந்த வகையில் என் நடுநிலைமை நிரூபணமாகிவிட்டது.

2018 மே 9 மலேசியப் பொதுத்தேர்தலில் எதிரெதிராக மோதிய தேசிய முன்னணியும் நம்பிக்கைக் கூட்டணியும் 2022 நவம்பருக்குப் பின் ஒரே அரசாங்கத்தில் அமர்ந்திருக்கின்றன. நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயாவில் ஒரே மேசையில் தேநீர் அருந்த முடிந்தவர்களின் கிளைகள், இங்கே ஒரு சாவியைப் பகிர்ந்துகொண்டால் எந்தக் கொள்கை குலைந்துவிடும்? டத்தோ பட்டம் பெற்றவர்களின் பிறந்தநாள் விருந்தில் கரவோக்கே பாடுவதற்கு அதே அலமாரி, கடிதம் ஏதுமின்றி, இரவு பன்னிரண்டு வரை திறந்திருக்கிறது. பாடுவதற்குக் கட்சி வேண்டாம், பேசுவதற்கு வேண்டும் போலும். மன்னிக்கவும், நான் புகார்ப் பட்டியல் எழுத உட்காரவில்லை.

ஆகவே பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்: இரண்டாம் ஞாயிறுகளில் மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை, கட்சிக் கடிதம் கேளாமல், அலமாரியைத் திறந்துவிடுங்கள். சாவியை என் கையில் தர மனமில்லையென்றால், செயலவையிலிருந்து ஒருவரே வந்து திறந்து, கூட்டம் முடியும்வரை அருகிலேயே அமர்ந்து, நான் யாருடைய ஒலிவாங்கியைத் தொடுகிறேன் என்று பார்த்துக்கொண்டிருக்கட்டும். எனக்கு அதில் வருத்தமில்லை, நிம்மதிதான்.

வரும் கூட்டத்தில் பாட்டி விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா என்று அவருடைய மகளிடம் கேட்டிருக்கிறேன். தங்கள் பதிலைப் பார்த்த பிறகு சொல்வதாகக் கூறினார். ஐந்தரை மணிக்கே நான் மண்டப வாசலில் இருப்பேன்.

இப்படிக்கு,
கூட்டத்தின் தொழில்நுட்பத் தொண்டர்