ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துத் தேர்வு: நோட்டை நிரப்பினால் போதுமா?

ஆசிரியருக்கு,

தனியார் பள்ளிகளில் சேர்க்கை தொடங்கும்போதே, ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளையை உட்காரவைத்து ஏ முதல் இசட் வரை, 1 முதல் 100 வரை, அ முதல் ஃ வரை எழுதச் சொல்வதும் தொடங்கிவிடுகிறது. ‘இண்டராக்‌ஷன்’ என்று பெயரை மாற்றிக்கொண்டாலும், தாளைக் கொடுத்து எழுதவைத்து அதைப் பார்த்து இடம் தந்தால் அது தேர்வுதான். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 13 இதைத் தடுக்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரையும், அதன்பின் ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் 2014இல் இச்சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. சட்டம் தெரிந்த பெற்றோரும் இடம் கிடைக்க வேண்டுமே என்று பிள்ளையைத் தயார்செய்கிறார்கள். அதையாவது பிள்ளையின் கை நோகாமல் செய்யட்டும் என்றே, தொடக்க வகுப்புகளில் எழுத்துப் பழக்கும் நாங்கள் இதை எழுதுகிறோம்.

வீட்டில் பெரும்பாலும் நடப்பது பக்கம் பக்கமாக எழுதவைப்பது. முதல் வரி நன்றாக இருக்கும். ஐந்தாவது வரியில் எழுத்து சரியும். காரணம், பிள்ளை நீங்கள் எழுதிக்கொடுத்த மாதிரியைப் பார்ப்பதில்லை. தான் மேலே எழுதியதையே பார்த்து எழுதுகிறது. ஒரு சுழி விட்டுப்போனால் பக்கம் முழுவதும் அந்தச் சுழி இருக்காது. சில பிள்ளைகள் சீக்கிரம் முடிக்க, முதலில் எல்லா நிற்கும் கோடுகளையும் வரிசையாகப் போட்டுவிட்டுப் பிறகு மிச்சத்தை ஒட்டுவார்கள். பக்கம் நிறையும், எழுத்து கைக்கு வராது. ஓர் எழுத்துக்கு நான்கு முறை போதும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் மாதிரி எழுதுங்கள், எழுதி முடித்த வரியை ஒரு துண்டுத் தாளால் மறையுங்கள்.

அகரவரிசையில் தொடங்குவதும் வேண்டாத சிரமம். அ, இ இரண்டுமே சுழியும் வளைவும் நிறைந்தவை. நிற்கும் கோடு, படுத்த கோடு, சாய்ந்த கோடு, அரைவட்டம், சுழி என்று சிலேட்டில் பெரிதாகப் பழகியபின் ட, ப, ம என்று போவது எளிது. க, ச, த மூன்றுக்கும் மேல்பாதி ஏறக்குறைய ஒன்று, அவற்றைச் சேர்த்துப் பழக்கலாம். ந, ன, ண மூன்றையும் ஒரே வாரத்தில் பழக்கினால் கட்டாயம் குழம்பும். ஆங்கிலத்தில் பி (b), டி (d) சிறிய எழுத்துகளுக்கும் அப்படியே. ஏழு வயது வரை எழுத்தைத் திருப்பிப் போடுவது சகஜம், அதற்கு அடி வேண்டாம்.

எழுத்து தெரிந்த பிள்ளையும் தடுக்கி விழுகிற இடங்கள் வேறு. ஒன்று, தாள். நான்கு கோடு நோட்டிலேயே பழகிய கைக்குக் கோடில்லாத தாளைக் கொடுத்தால் எழுத்து மேலே ஏறும், கீழே இறங்கும். நான்கு கோடு, இரண்டு கோடு, ஒற்றைக் கோடு என்று படிப்படியாகக் குறைத்து வாருங்கள். கடைசியில் ஒரு ஏ4 தாளை மேலிருந்து கீழாக மூன்று முறை பாதி பாதியாக மடித்து விரித்தால் எட்டுப் பட்டைகள் கிடைக்கும். மடிப்புத் தடமே கோடு. தடத்தில் எழுதப் பழகிய பிள்ளை சில நாளில் தடமில்லாமலும் எழுதும்.

இன்னொன்று, காது. பார்த்து எழுதுவது வேறு, கேட்டு எழுதுவது வேறு. ‘கெ’ என்று சொன்னால் காதில் முதலில் விழுவது க், கை முதலில் போட வேண்டியதோ கொம்பு. அதனால்தான் க எழுதிவிட்டுப் பின்னால் கொம்பைப் போடுகிறார்கள். ‘கொம்பு, க, கால்’ என்று வாயால் சொல்லிக்கொண்டே ‘கொ’ எழுதவையுங்கள். ஆங்கிலத்தில் ‘செவன்டீன்’ என்றதும் 7 முதலில் வந்து 71 ஆகிவிடும். பதினேழு என்று தமிழில் கேட்டால் இந்தத் தவறு குறைவு. நூறு வரை கடகடவென்று எழுதும் பிள்ளையிடம் 29க்கு அடுத்து என்ன, 40க்கு முன் என்ன என்று கேளுங்கள். திணறினால் அது மனப்பாடம். நாளைக்கு ஐந்து சொல் போதும். அம்மா மட்டும் சொல்லாமல் அத்தையோ பக்கத்து வீட்டாரோ சொல்லட்டும், புதுக்குரல் பழகும். வட்டமிடு, பொருத்து, விடுபட்டதை நிரப்பு என்ற கட்டளைகளையும் பழக்குங்கள். விடை தெரிந்தும் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று புரியாமல் விழிக்கும் பிள்ளைகள் ஏராளம்.

பென்சிலை நுனியிலிருந்து ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலால் பிடிக்க வேண்டும். இடக்கைப் பிள்ளைக்கு மூன்று சென்டிமீட்டர். அந்தப் பிள்ளைக்குத் தாளை வலப்பக்கம் சாய்த்து வைத்தால் எழுதியது தெரியும். கையை மாற்றச் சொல்லாதீர்கள். கால் தொங்கினால் எழுத்தும் ஆடும், ஒரு முக்காலி வையுங்கள். விரல் வலுவுக்குச் சப்பாத்தி மாவு உருட்டுவதும் பூக் கோர்ப்பதும் நோட்டைவிட நல்ல பயிற்சி. ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், நாளைக்கு இரு தடவை. விரல்நுனி வெளுத்தாலோ தோள் தூக்கினாலோ அத்தோடு நிறுத்திவிடுங்கள். ரப்பரால் அழித்தே நேரம் போகும், ஒரே கோட்டில் அடித்துவிட்டு மேலே போகச் சொல்லுங்கள்.

இடம் மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் தரமாட்டார்கள். தேர்வுக்கு அழைத்த குறுஞ்செய்தி, விண்ணப்பக் கட்டண ரசீது, தேதி ஆகியவற்றுடன் மாவட்டக் கல்வி அலுவலரிடம் (தனியார் பள்ளிகள்) மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அலுவலகமும் புகார் வரட்டும் என்று காத்திராமல், சேர்க்கை மாதங்களில் பள்ளிகளுக்கு நேரில் போய், விண்ணப்பங்களோடு விடைத்தாள் ஏதும் கோக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் சிலர்,
திருச்சி